பி.காம். மாணவிக்குக் கொசுப்புழு எதற்கு?

கேள்வி: ஐயா, எம்.எஸ்சி. விலங்கியல் முடித்து, செட் (மாநில விரிவுரையாளர் தகுதி) தேர்வும் தேறி, இந்த ஜூன் மாதம்தான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்திருக்கிறேன். எனக்கு இரண்டு வகுப்பு. ஒன்று முதலாம் ஆண்டு பி.எஸ்சி. விலங்கியல், முதுகெலும்பற்றவை. இன்னொன்று என்எம்இ, அதாவது வேறு துறைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும் விருப்பப் பாடம், பி.காம்., பி.ஏ. தமிழ், பி.சி.ஏ., கணிதம் என்று கலந்து கட்டி 62 பேர். மேஜர் பிள்ளைகளுக்கு எடுத்த நோட்ஸையே சுருக்கி இவர்களுக்கு நடத்துகிறேன். யாரும் கவனிப்பதில்லை, மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தைத் தள்ளுகிறார்கள். "ரெண்டு யூனிட் நடத்திட்டு மீதிக்கு நோட்ஸ் குடுத்துருங்க மேடம், என்எம்இ-ல யாரும் பெயில் ஆக மாட்டாங்க" என்கிறார்கள் மூத்தவர்கள். மேஜர் வகுப்பிலோ பாதிப் பேர் நீட் கைவிட்டு வந்தவர்கள், முகத்தில் களையே இல்லை. தமிழில் நடத்துவதா ஆங்கிலத்தில் நடத்துவதா என்பதிலும் குழப்பம். வழி சொல்லுங்கள்.

பதில்:

வணக்கம் அம்மா. கோளாறு முழுக்க உங்கள் கடிதத்தின் ஒரே வரியில் இருக்கிறது, "நோட்ஸையே சுருக்கி" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே. பாலில் தண்ணீர் ஊற்றினால் தண்ணிப்பால்தான் கிடைக்கும். மோர் வேண்டுமென்றால் உறை ஊற்றி, ஒரு ராத்திரி காத்திருந்து, கடைய வேண்டும், அது வேறு வேலை.

உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. இந்த என்எம்இ என்ற ஏற்பாடு வந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். புரோட்டோசோவாவில் ஆரம்பித்து எக்கைனோடெர்மேட்டா வரை விலங்குத் தொகுதிகளின் பெயர்களைப் பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதாரணம் சொல்லி, அடுத்த பக்கம் போய்விடுவேன். ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, பி.ஏ. தமிழ் படித்த ஒரு பையன் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தான். அதுவரை அவன் குரலை நான் கேட்டதில்லை. "சார், எங்க அக்காவுக்கு டெங்கு வந்துச்சு. பப்பாளி எலச் சாறு குடுத்தோம், தட்டணு ஏறிருச்சு. அப்ப அது மருந்துதானே?" என்றான். "அது சிலபஸில் இல்லைப்பா, உட்காரு" என்றேன். அந்த செமஸ்டர் முழுக்க அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த ஒரு கேள்வியை வைத்தே நான்கு வகுப்பு நடத்தியிருக்கலாம். டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) இறங்குவது உண்மை. காய்ச்சல் விட்டு ஓரிரு நாள் கழித்துப் பெரும்பாலானவர்களுக்கு அவை தானாகவே ஏற ஆரம்பிக்கும் என்பதும் உண்மை. (அந்த ஓரிரு நாள்தான் ஆபத்தான கட்டம், காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டுக்காரர்கள் நிம்மதியாகிற நேரம். இதை மட்டும் 62 பேரும் தெரிந்துகொண்டு போனாலே அந்த செமஸ்டருக்கு அர்த்தம் உண்டு.) அப்படியானால் அந்த நாளில் பப்பாளிச் சாறு குடித்தவர், சாத்துக்குடி ஜூஸ் குடித்தவர், கோயிலில் வேண்டிக்கொண்டவர் எல்லோருக்கும் தட்டணு ஏறியிருக்குமே. எது ஏற்றியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சாறு வேலை செய்யுமா செய்யாதா என்று வகுப்பில் நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. கண்டுபிடிக்க என்ன செய்யவேண்டும் என்று அவர்களையே யோசிக்க விட்டால் போதும். இதற்குத் தொகுதிப் பெயர் ஒன்றுகூடத் தேவைப்படாது.

உங்கள் என்எம்இ வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டவர்கள். பதினொன்றில் வணிகவியலோ கலைப்பிரிவோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்த ஒரு தாளோடு உயிரியல் அவர்கள் வாழ்க்கையில் முடிந்துவிடும், இனி எந்த வாத்தியாரும் அவர்களுக்கு அதைச் சொல்லித்தரப் போவதில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள், பிள்ளைக்குத் தடுப்பூசி போடலாமா என்று முடிவெடுக்கப் போகிறவர்கள், சளிக்கு மெடிக்கலில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கப் போகிறவர்கள் எல்லாம் இவர்கள்தான். மேஜர் பிள்ளைகளுக்கு மூன்று வருடம் இருக்கிறது. இன்று நீங்கள் விட்டதை இன்னொருவர் நான்காம் செமஸ்டரில் பிடித்துக்கொள்வார்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், 15 வாரம், மொத்தம் 30. அதில் இன்டர்னல் தேர்வு, விளையாட்டு விழா, மழை லீவு, டே ஆர்டர் மாறிக் காணாமல் போன நாள் எல்லாம் கழித்தால் 22 தேறினால் அதிகம். இந்த 22 மணி நேரத்தில் ஐந்து யூனிட்டையும் மேலோட்டமாகத் தடவிக்கொண்டு போகலாம். இல்லையென்றால் ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டு அடிவரை இறங்கலாம். நான் இரண்டாவது கட்சி.

அந்த ஆறில் ஒன்றை எப்படி நடத்துவது என்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதையே உங்கள் மேஜர் வகுப்புக்கும் கொண்டுபோகலாம்.

உங்கள் கல்லூரியிலேயே எங்காவது மூடி போடாத டிரம் இருக்கும், விடுதிக்குப் பின்னால் பாருங்கள். இரண்டு கண்ணாடிப் பாட்டிலில் அந்தத் தண்ணீரோடு கொசுப்புழுக்களை முகந்துகொண்டு வாருங்கள், ஒன்றுக்குப் பத்து இருந்தால் போதும், வாயைத் துணியால் கட்டுங்கள். வகுப்பில் பெஞ்சு பெஞ்சாக அனுப்புங்கள். பாட்டிலை ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் நெளிந்துகொண்டு அடியில் போய்விடும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்து, வால் நுனியைத் தண்ணீர் மட்டத்தில் ஒட்டவைத்துத் தலைகீழாகத் தொங்கும். ஏன் மேலே வருகிறது என்று கேளுங்கள். சாப்பிட வருகிறது என்பான் ஒருவன், வெளிச்சத்துக்கு என்பாள் ஒருத்தி. அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். ஒரு பாட்டிலின் தண்ணீர் மேல் சமையல் எண்ணெய் நாலு சொட்டு விட்டுப் படலமாகப் பரவ விடுங்கள், இன்னொன்றை அப்படியே வையுங்கள். எண்ணெய் விட்ட பாட்டிலில் புழுக்கள் மேலே வந்து வந்து தடுமாறும். மறுநாள் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று இரண்டு பேரை வந்து எண்ணச் சொல்லுங்கள். மூச்சுக்குழாய் வாலில் இருக்கிறது, அந்தக் காலத்தில் சாக்கடையில் மண்ணெண்ணெய் ஊற்றியது இதற்குத்தான் என்று நீங்கள் அப்புறம் சொன்னால் போதும்.

இதில் எப்போதும் ஒருவர் கேட்பார்: "எண்ணெய் ஊத்தாத பாட்டில் எதுக்கு சார்?"

அந்தக் கேள்விக்காகத்தான் அந்தப் பாட்டில். அது இல்லாவிட்டால் புழு செத்தது எண்ணெயாலா, பாட்டிலில் அடைத்ததாலா, வகுப்பறை வெக்கையாலா என்று யாராலும் சொல்ல முடியாது. இதைச் சொல்லிவிட்டு அப்படியே பப்பாளிச் சாறுக்குப் போங்கள். "அக்காவுக்கு எண்ணெய் ஊற்றாத பாட்டில் எது?" என்று கேளுங்கள். போனை மேசைக்கு அடியில் வைத்திருந்தவனும் நிமிர்ந்து பார்ப்பான் (எல்லோரும் அல்ல, நாலு பேர் எப்படியும் கீழேயேதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதற்காக மனம் விடாதீர்கள்).

அடுத்த வகுப்பில் முட்டை. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் அது மாதக் கணக்கில் தாங்கும், மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். ஆகவே டிரம்மைக் கவிழ்த்துத் தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டால் வேலை முடியாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை பொரிந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒருமுறை கழுவச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வரும் டெங்குப் பணியாளர் டிரம்மில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்றினால் "தண்ணி நாறுது" என்று அவர் போனவுடனே கீழே கொட்டுகிற வீடுகள் எத்தனை! லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கணக்கில் குடிதண்ணீரிலேயே அனுமதிக்கப்பட்ட மருந்து அது என்று தெரிந்த பிள்ளை அம்மாவிடம் வாதாடும்.

சரி, இப்போது மேஜர் வகுப்பு. அதே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போங்கள். ஆய்வகத்தில் பத்து மைக்ரோஸ்கோப் இருந்தால் நாலு லென்ஸில் பூசணம் பிடித்திருக்கும், பரவாயில்லை, ஆறு போதும். குழி ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு புழுவை உயிரோடு வைத்துப் பார்க்கட்டும். மூச்சுக்குழாய் நீண்டு மெலிந்திருந்தால் கியூலெக்ஸ், குட்டையாகத் தடித்திருந்தால் ஈடிஸ், குழாயே இல்லாமல் தண்ணீர் மட்டத்துக்கு இணையாகப் படுத்துக் கிடந்தால் அனாஃபிலஸ். வயிற்றின் எட்டாம் கண்டத்தில் சீப்புப் பல் மாதிரிச் செதில்கள் இருக்கும். ஈடிஸ் ஈஜிப்டியில் அவை ஒற்றை வரிசை, கியூலெக்ஸில் கூட்டமாகத் திட்டுப்போல இருக்கும். இதைப் பார்த்து வரையட்டும், பதிவேட்டில் எழுதட்டும். அதன் பிறகு சோதனையை அவர்களையே அமைக்கச் சொல்லுங்கள்: எத்தனை பாட்டில், ஒவ்வொன்றிலும் எத்தனை புழு, எத்தனை மணிக்கு ஒருமுறை எண்ணுவது, மேல்நிலைத் தொட்டித் தண்ணீருக்கும் சாக்கடைத் தண்ணீருக்கும் என்ன வித்தியாசம் வரும். கட்டுப்பாட்டுச் சோதனை (அந்த எண்ணெய் ஊற்றாத பாட்டில்தான்) என்றால் என்ன என்று நாலு வரி விளக்கம் அத்தனை பேருக்கும் மனப்பாடமாகத் தெரியும். கையால் ஒன்றை அமைத்தவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

என்எம்இ பிள்ளை ஒரு சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டால் நம்பலாமா என்று யோசிக்கத் தெரிந்தால் போதும். மேஜர் பிள்ளைக்கு அந்தச் சோதனையையே செய்யத் தெரியவேண்டும், தப்பாகச் செய்து, ஏன் தப்பானது என்றும் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு வகுப்புக்கும் இருக்கிற வித்தியாசம் எனக்குத் தெரிந்து இவ்வளவுதான்.

நீட் கைவிட்டு வந்தவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்களிடம் "டாக்டர் படிப்புக்கு இது கொஞ்சமும் குறைந்ததில்லை" என்றெல்லாம் பேசாதீர்கள். அந்தப் பேச்சை வீட்டிலும் உறவினர் மத்தியிலும் போதுமான அளவு கேட்டிருப்பார்கள், ஒவ்வொரு முறை கேட்கும்போதும் குறைந்ததுதான் என்று உறுதியாகும். இரண்டு வருடம் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே பழகியவர்கள். விடையே அச்சிடாத ஒரு கேள்வியைக் கையில் கொடுங்கள். 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு உயிரினங்களை அறுப்பதை நிறுத்தச் சொன்னபோது நான் மகிழ்ந்தவன்தான், செமஸ்டருக்கு எத்தனை தவளை, எத்தனை கரப்பான்! ஆனால் அந்த இடத்தில் பல கல்லூரிகளில் வந்து உட்கார்ந்தது சார்ட் பேப்பரும் ஃபார்மலின் ஜாடியும், மாதிரியைப் பார்த்துப் பெயர் சொல்கிற ஸ்பாட்டர் மனப்பாடமும். உயிரோடு பார்ப்பதை யாரும் தடுக்கவில்லையே. ஆளுக்கொரு மண்புழுத் தொட்டியோ நத்தையோ ஒரு செமஸ்டர் வளர்க்கட்டும், வாரம் ஒரு பக்கம் எழுதட்டும். நல்ல மதிப்பெண் வைத்திருக்கிற பிள்ளைகளிடம் புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. உண்டு என்று சொல்லிவையுங்கள். கடல் பக்கம் ஆசை உள்ளவர்களுக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். வண்டி பிடித்து ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனால் பத்து வகுப்புக்குச் சமம்.

மொழி விஷயம். என்எம்இ-க்குக் கண்ணை மூடிக்கொண்டு தமிழ். தேர்வைத் தமிழில் எழுதலாமா என்று மட்டும் அலுவலகத்தில் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தகராறு வேண்டாம். மேஜருக்கு விஷயத்தை முதலில் தமிழில் விளங்க வையுங்கள், ஆங்கிலச் சொல் அப்புறம் வரட்டும். மேற்படிப்பு, செட், டிஆர்பி ஆசிரியர் தேர்வு என்று எங்கே போனாலும் அவர்களுக்கு அந்தச் சொல் வேண்டும். ஆஸ்மாசிஸ் (சவ்வூடு பரவல்) என்றால் என்ன என்று கேட்டால் அரைப் பக்கம் கடகடவென்று ஒப்பிக்கிற பெண்ணிடம், மாவடு உப்பில் போட்டால் ஏன் சுருங்குகிறது, ஜாடியில் நீங்கள் ஊற்றாத தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், விழித்தாள். வடுவுக்குள் இருந்த தண்ணீரைத்தான் உப்பு வெளியே இழுத்துவிட்டது என்று சொன்னதும் சிரித்துவிட்டாள், அவள் வீட்டில் வருடா வருடம் போடுகிறார்களாம். என்எம்இ வகுப்பில் மாவடுவோடு நின்றுகொள்ளலாம், கெட்டுப் போக வைக்கும் கிருமிக்கும் அதே கதிதான் என்று ஒரு படி கூடச் சொல்லலாம். மேஜர் வகுப்பில் விடாமல் அடுத்த கேள்வி: அப்படியானால் கடல் மீன் ஏன் மாவடு மாதிரிச் சுருங்கவில்லை? அது கடல் நீரையே குடித்து உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது என்ற இடத்துக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகட்டும், ஆகலாம்.

ஒரு எச்சரிக்கை, இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. மரபியல் நடத்தும்போது பிள்ளைகளை அவரவர் குடும்ப மரத்தை வரையச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் ஒரு பி.காம். பெண் வெறும் தாளோடு நின்றாள். அவளுக்குத் தாய்மாமனோடு நிச்சயமாகியிருந்தது. "ரத்த சொந்தத்துல கட்டுனா பிள்ளை ஊனமாப் பொறக்கும்னு சொல்றாங்களே, நெசமா சார்?" என்றாள். உட்கார வைத்துக் கணக்குப் போட்டோம், பின்னக் கணக்கில் அவள் என்னைவிட வேகம். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு படி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. தாய்மாமனும் அக்கா மகளும் மணந்தால், எந்த ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டாலும், குழந்தைக்கு வரும் இரண்டு படியும் முன்னோர் ஒருவரிடமிருந்த ஒரே படியின் நகல்களாக இருக்க 8-ல் 1 வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் 16-ல் 1. அந்தப் படி பழுதானதாக இருந்து, அந்த நோய்க்கு இரண்டு படியும் பழுதாக வேண்டும் என்றும் இருந்தால்தான் சிக்கல். ஆகவே சொந்தத்தில் கட்டிய பெரும்பாலானவர்களுக்குப் பிள்ளைகள் நன்றாகவே பிறக்கின்றன, ஆனால் வெளியில் கட்டுவதைவிட ஆபத்து கூடுதல், குடும்பத்தில் ஏற்கெனவே அப்படி ஒரு நோய் இருந்தால் கட்டாயம் மரபியல் ஆலோசனைக்குப் போகவேண்டும் என்று சொன்னேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். என்ன முடிவெடுத்தாள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அடுத்த வருடத்திலிருந்து கற்பனைக் குடும்பம் ஒன்றைப் பலகையில் வரைந்துதான் நடத்துகிறேன், அதில் ஒரு தாய்மாமனும் இருப்பார்.

மூத்தவர்கள், துறைத் தலைவர் விஷயம். சண்டை போடாதீர்கள், உங்கள் வேலை வருடா வருடம் புதுப்பிக்கப்படுகிற வேலை. யூனிட் தலைப்புகள் அப்படியே இருக்கட்டும், பதிவேட்டில் சிலபஸ் வரிசைப்படியே எழுதுங்கள், தேர்வு அதிலிருந்துதான் வரும் என்பதால் கடைசி மூன்று வாரம் கேள்வி பதிலுக்கு ஒதுக்கிவிடுங்கள். உள்ளே நுழைகிற வாசலை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், "ஆர்த்ரோபோடா (கொசு உள்ளிட்ட பூச்சிகள் சேர்ந்த தொகுதி), பொதுப் பண்புகள்" என்று ஆரம்பிப்பதற்குப் பதிலாக டிரம்மிலிருந்து ஆரம்பிக்கலாம், யாருக்கும் ஆட்சேபம் வராது. இன்டர்னல் 25 மதிப்பெண்ணில் அசைன்மென்ட் பங்கு உங்கள் கையில் இருக்கிறது. வலைத்தளத்திலிருந்து பார்த்து எழுத முடியாத மாதிரிக் கொடுங்கள்: வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கும் இடம் எத்தனை, எதில் புழு இருந்தது, எதில் இல்லை, ஏன் என்று நினைக்கிறாய்? ஒரு பக்கம் போதும். 62 தாள் திருத்துவது சிரமம்தான், ஆனால் தூக்கம் வராது, என் அனுபவம்.

கடைசியாகக் கொசுப்புழுப் பாட்டில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் கொதிக்கிற வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டுப் போங்கள். நான் ஒருமுறை ஸ்டாஃப் ரூம் அலமாரியில் வைத்து மறந்துவிட்டேன், துணியும் சரியாகக் கட்டவில்லை. நடுவில் பொங்கல் லீவு. திரும்பி வந்து அலமாரியைத் திறந்தது துறைத் தலைவர்.